புல்லுக்குக் காவல்

நாற்பத்தாறு வயதாகியும் அவளை எல்லோரும் குட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். அண்ணன், அக்கா, பிறகு குட்டி என்று வீட்டில் மூன்று பேர். ஆளும் ஐந்தடிக்கு இரண்டு விரல் குறைவு, அதனால் பெயர் உதிராமல் ஒட்டிக்கொண்டுவிட்டது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலையில் இருந்தபோதுகூட, அவளுடைய டப்பாவின் மேல் முதலாளி 'குட்டி' என்றுதான் எழுதி ஒட்டியிருந்தார்.

அந்த வேலையை விட்டுப் பதினொரு வருஷம் ஆகிவிட்டது. அப்பா படுக்கையில் விழுந்தார். அண்ணனுக்கு ஆபீஸ், அக்காவுக்குக் குடும்பம். "குட்டி சும்மாதானே இருக்கா" என்றார்கள். அவள் சும்மா இருக்கவில்லை, ஒரு நாளைக்கு நாற்பது கண்ணாடிக்கு லென்ஸ் அறுத்துக்கொண்டிருந்தாள். ஆனால் கல்யாணம் ஆகாதவள் என்ன வேலை பார்த்தாலும் அது சும்மா இருப்பதில்தான் சேர்த்தி. ஒன்பது வருஷம் அப்பாவைத் தூக்கி உட்கார வைத்து, துடைத்து, ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்தாள். அவர் போன கையோடு அண்ணன் வீடு கட்ட ஆரம்பித்தான். செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் காவலாக அங்கே ஒரு வருஷம். பிறகு அக்கா வீட்டுக்கு வந்தாள். இரவல் ஏணி மாதிரி யார் வீட்டில் எது உயரத்தில் இருந்ததோ அந்த வீட்டுச் சுவரில் அவளைக் கொண்டுபோய்ச் சாத்தினார்கள்.

அக்கா மகளுக்குக் கல்யாணம் கூடியிருந்தது. வரவேற்பை வீட்டுப் பின்பக்கத் தோட்டத்திலேயே வைக்க வேண்டும், அதுவும் பச்சைப் பசேலென்ற புல்தரையில் வைக்க வேண்டும் என்று அத்தானுக்கு ஆசை. ஒருநாள் காலை லாரியில் புல் வந்து இறங்கியது. மண்ணோடு பெயர்த்து, பாய் மாதிரிச் சுருட்டி அடுக்கிய புல். புல் போடுகிறவர் தன் ஆட்களோடு தரையைக் கொத்திச் சமன்செய்து, ஒரு பாயின் ஓரம் அடுத்த பாயை இடிக்கும்படி நெருக்கி நெருக்கி விரித்தார். சாயங்காலத்துக்குள் செம்மண் பூமி பச்சைத் தோட்டமாகிவிட்டது.

"மேடம், பதினஞ்சு நாளைக்கு இது கைக்குழந்தை" என்று அவர் குட்டியிடம் சொல்லிவிட்டுப் போனார். "வேர் இன்னும் மண்ணைப் பிடிக்கல. காலையில ஆறு மணி, பத்தரை, ஒரு மணி, நாலு மணின்னு நாலு தரம் தண்ணி. காஞ்சுதுன்னா ஓரம் சுருண்டுக்கும். அதிகமா விட்டா அழுகிடும். முக்கியமா ஒருத்தரும் கால் வைக்கக் கூடாது."

"கால் வைக்காம அந்தக் கோடிக்கு எப்படிங்க தண்ணி விடறது?"

"டியூப் வாயைக் கட்டைவிரலால அமுக்கிப் பிடிங்க. தூறல் மாதிரிப் போய் விழும்."

மறுநாளே அக்காவும் அத்தானும் மகளும் துணிமணி எடுக்கவும் மாப்பிள்ளை வீட்டாரோடு பேச வேண்டியதைப் பேசவும் மூன்று வாரத்துக்கு வெளியூர் கிளம்பினார்கள். கார் ஏறும் முன் அக்கா வாசலில் நின்று ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "குட்டி, புல் காயக் கூடாது."

அன்று தொடங்கி குட்டியின் நாள் நாலு துண்டாயிற்று. வீட்டின் பின்சுவரை ஒட்டி மூன்றடி அகலத்தில் ஒரு சிமெண்ட் மேடை உண்டு. குழாயும், ஒரு நீல நிறத் தண்ணீர் டிரம்மும், நாலைந்து பூந்தொட்டிகளும் அதில்தான். அந்த மேடையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துகொண்டே தூறல் போட வேண்டும். ஒரு தரம் முடிக்க முக்கால் மணி நேரம். முடித்து, குளித்து, சமைத்து நிமிர்ந்தால் அடுத்த வேளை வந்து நிற்கும். காய்கறி வாங்கப் போனாலும் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு போன கதைதான், வெயில் ஏறுகிறதே, ஓரம் சுருண்டிருக்குமே என்று மனசு புல்லிலேயே கிடக்கும்.

போதாக்குறைக்குக் கேமரா. பின்கதவுக்கு மேலே முட்டைக்கண் மாதிரி உருண்டையாக ஒன்றை அத்தான் மாட்டிவிட்டுப் போயிருந்தார். அது பார்க்கும், கேட்கும், பேசவும் செய்யும். அக்கா எந்த ஊரில் எந்தக் கடையில் உட்கார்ந்திருந்தாலும் போனில் தோட்டத்தைப் பார்ப்பாள். திடீரென்று சுவர் பேசும்.

"குட்டி, வலது மூலை வெளுத்த மாதிரித் தெரியுதே?"

"வெயில் படுதுக்கா, அதான்."

"எதுக்கும் இன்னொரு தரம் விடு. நேத்து நாலு மணித் தண்ணி நாலேகாலுக்குத்தான் ஆரம்பிச்சே போல?"

முதல் இரண்டு நாள் அவள் திடுக்கிட்டாள். பிறகு பழகிவிட்டது. ஆனால் முதுகு பழகவில்லை. கேமராவுக்கு முதுகைக் காட்டி நிற்கும்போதெல்லாம் தோள்கள் தாமாக இறுகிக்கொண்டன.

எட்டாம் நாள் நெட்டை கூப்பிட்டாள். நெட்டையும் குட்டியும் பழைய கண்ணாடிக் கடையில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் பத்து வருஷம் இருந்தவர்கள். கூட வேலை பார்த்தவர்கள் அவர்களை 'பனைமரமும் பூசணியும்' என்பார்கள். நெட்டை இப்போது நாலு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஓர் ஊரில் சொந்தமாகக் கண்ணாடிக் கடை திறக்கப் போகிறாள். லென்ஸ் அறுக்க குட்டி வேண்டும் என்று இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"இன்னும் புல்லுக்குத்தான் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கியா?" என்று நெட்டை சிரித்தாள். "கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன்னு சொல்வாங்க. உனக்குப் புல்லு மட்டும்தான் வாய்ச்சிருக்கு."

"கல்யாணம் முடியட்டும்டி."

"உங்கப்பா குணமாகட்டும்னே. அப்புறம் அண்ணன் வீடு முடியட்டும்னே. இப்ப கல்யாணமா? சரி, நாளைக்கு மெஷின் எடுக்க அங்க வரேன். ரெண்டு மணிக்கு வேன் கிளம்பிடும். வரியா வரலியான்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. போன்ல சொன்னா ஒத்துக்க மாட்டேன்."

குட்டி ராத்திரி முழுவதும் யோசித்து, வரவில்லை என்று சொல்வதென்றே முடிவு செய்தாள். கல்யாண வீட்டை நட்டாற்றில் விட்டுப் போவது எப்படி? ஒரு மணித் தண்ணீரைப் பன்னிரண்டரைக்கே விட்டுவிட்டு, மெஷின் கடைத் தெருவுக்குப் போய் நெட்டையின் கையைப் பிடித்து இல்லை என்று சொல்லிவிட்டு, நாலு மணித் தண்ணீருக்குத் திரும்பிவிட வேண்டும். நடந்து போனால் அரை மணி. கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் பத்தரை மணிக்குத் தண்ணீர் விடப் பின்பக்கம் வந்தாள். அந்தப் பின்கதவு, இழுத்துச் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் ரகம். வெளியிலிருந்து திறக்கச் சாவி வேண்டும். அதனால் எப்போதும் ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்து வைப்பாள். அன்று டியூப் முறுக்கிக்கொண்டு குழாயை விட்டுக் கழன்று கழன்று விழுந்தது. அதை அழுத்தி வைக்க ஒரு கனம் தேவைப்பட்டது. 'ஒரு நிமிஷம்தானே' என்று செங்கல்லை எடுத்தாள்.

காற்று அந்த ஒரு நிமிஷத்துக்காகவே காத்திருந்த மாதிரி வந்தது. படாரென்று சத்தம். திரும்பிப் பார்க்கும்போது கதவு மூடியிருந்தது.

குட்டி கைப்பிடியைத் திருகினாள், தள்ளினாள், தோளால் இடித்தாள். தேக்குக் கதவு அசையவில்லை. போன் உள்ளே, சாவி உள்ளே, செருப்புகூட உள்ளே. சிமெண்ட் மேடைக்குச் செருப்பு எதற்கு என்று வெறுங்காலோடுதான் வருவாள். சன்னல்களுக்கெல்லாம் இரும்புக் கம்பி. முன்பக்கம் போகும் வழியை ஒரு தகரக் கதவு அடைத்திருந்தது. அதில் பூட்டு தொங்கியது, பூட்டு அந்தப் பக்கம். மற்ற மூன்று பக்கமும் ஏழடிச் சுவர், சுவர்த் தலையில் வரிசையாக உடைந்த பாட்டில் கண்ணாடி. சுவருக்கும் அவளுக்கும் நடுவில் கால் வைக்கக் கூடாத புல்.

"யாராவது இருக்கீங்களா?" என்று கத்தினாள். பின்சுவருக்கு அப்பால் ஒரு சந்து இருக்கிறது, ஆள் நடமாட்டம் கேட்கும். அன்று பார்த்து ஒரு நாய்கூடப் பதில் சொல்லவில்லை.

என்ன செய்வதென்று தெரியாமல் டியூபை எடுத்தாள். அடைபட்டாலும் பத்தரை பத்தரைதானே. பாதித் தோட்டம் நனைந்தபோது சுவர் பேசியது.

"என்ன குட்டி, இன்னிக்கு லேட்டா?"

அக்காவின் குரலைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டது குட்டிக்கு ஞாபகம் இல்லை. "அக்கா! கதவு சாத்திக்கிச்சுக்கா. நான் வெளிய மாட்டிக்கிட்டேன். சாவி உள்ள இருக்கு."

"ஐயையோ! கல்லு வைக்கலியா?"

"எடுத்துட்டேன்க்கா. யாராவது பூட்டுத் திறக்கறவனை அனுப்பச் சொல்லேன்."

அக்கா அத்தானிடம் எதையோ கேட்பது தூரத்தில் கேட்டது. திரும்பி வந்தாள். "அது வெளிநாட்டுப் பூட்டாம். உடைச்சாத்தான் வரும்கறார். நாங்க திரும்பினதும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வீடு பாக்க வர்றாங்க, உடைஞ்ச கதவையா காட்டறது? இன்னொரு சாவி நம்ம டிரைவர்கிட்ட இருக்கு. அவன் சொந்த வேலையா வெளியூர் போயிருக்கான், சாயங்காலம் ஆறு ஆறரைக்கு வந்துடுவான்."

"ஆறு மணி வரைக்குமா?"

"என்ன இப்ப? குழாய் இருக்கு, நிழல் இருக்கு. மேடையில உக்காந்துக்கோ. ஒரு விதத்துல நல்லதாப் போச்சு, தண்ணி வேளை தப்பாது."

அக்கா கெட்டவள் இல்லை. அதுதான் குட்டியின் கஷ்டமே. கெட்டவளாக இருந்தால் வாய்விட்டுத் திட்டியிருக்கலாம். அக்கா தன் வசதிக்குத் தக்கபடி உலகத்தைப் பார்த்துவிட்டு, அது எல்லோருக்கும் வசதி என்று உண்மையாகவே நம்புகிறவள்.

நேரம் நகர்ந்தது. நிழல் இரண்டு அடியாகச் சுருங்கி, ஓர் அடியாகி, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது. குட்டி முதுகைக் கதவில் சாய்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். எதிரே புல் ஈரத்தில் பளபளத்துச் சுகமாகக் கிடந்தது. காலையில் ஒரு டம்ளர் காபியோடு சரி, வயிறு கூவியது. டியூபில் வாய் வைத்துக் குடித்தாள். பசிக்குத் தண்ணீர் குடித்தது வேறு வினையாகப் போயிற்று. கழிவறை வீட்டுக்குள் இருக்கிறது. தோட்டத்தில் ஒரு மூலை பாக்கி இல்லாமல் கேமரா பார்க்கிறது. ஒரு மணி நேரம் பல்லைக் கடித்துப் பொறுத்தாள்.

பிறகு இரண்டு காலிப் பூந்தொட்டிகளைக் கவிழ்த்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஏறினாள். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கேமராவின் தலையில் முக்காடு போட்டாள். தகரக் கதவை ஒட்டிய சாக்கடை வாயில் போய் உட்கார்ந்து எழுந்து, டியூபால் நன்றாகக் கழுவிவிட்டாள். திரும்பி வந்து துண்டை எடுக்கக் கை நீட்டியவள், எடுக்கவில்லை. ஒன்பது நாளில் முதல் தடவையாகத் தோள் இறங்கியிருந்தது.

ஐந்து நிமிஷத்தில் துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "குட்டி? என்ன இருட்டா இருக்கு? மழை வருதா?"

"இல்லக்கா. மணி என்ன?"

"பன்னண்டு ஆகப்போகுது. கேமராவுக்கு என்ன ஆச்சு?"

முகம் தெரியாத துண்டிடம் பேசுவது எப்படியோ சுலபமாக இருந்தது. "அக்கா, நான் ரெண்டு மணிக்கு ஒரு இடத்துக்குப் போகணும். நெட்டை வந்திருக்கா. அவ புதுசா கடை போடறா. என்னைக் கூப்பிடறா."

"எங்க கூப்பிடறா? வேலைக்கா?"

"ஆமா. லென்ஸ் வேலைதான்."

"கல்யாணத்தை வெச்சுக்கிட்டா?"

"வரலைன்னு சொல்லத்தான்க்கா போறேன். ஆனா நேர்ல சொல்லணும். எனக்காகப் பெரிய மெஷினா எடுக்கறா. அவளுக்கு நான் அவ்வளவாவது செய்யணும்."

"அடச்சே, இவ்வளவுதானே! அதுக்கு எதுக்கு நீ அலையறே? அவ நம்பர் என்கிட்ட இருக்கு. நானே சொல்லிடறேன்."

"வேண்டாம்க்கா, நானே..."

"இருடி."

சத்தம் நின்றது. குட்டி எழுந்து கதவடியில் நின்றாள். துண்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, "அக்கா... அக்கா..." என்று கூப்பிட்டாள். காக்கை ஒன்று சுவர்க் கண்ணாடியில் உட்காரப் பார்த்து, உட்கார முடியாமல் பறந்தது. கால் மணி நேரம் இருக்கும்.

"சொல்லிட்டேன்" என்றது அக்காவின் குரல், ஒரு வேலை முடிந்த திருப்தியோடு. "கொஞ்சம் வாயாடினா. நான் விடலை. கல்யாணம் முடிஞ்சாலும் அவளால வர முடியாது, அவளுக்கு எல்லாம் ஏற்பாடு ஆயிருக்குன்னு தெளிவாச் சொல்லிட்டேன்."

"என்ன ஏற்பாடு?"

"அதான், அண்ணிக்கு முட்டி ஆபரேஷன் வெச்சிருக்காங்களே. நீ மூணு மாசம் அங்க இருப்பே. அண்ணன் போன மாசமே கேட்டுட்டான். அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்குள்ள என் மகளுக்கு எப்படியும் ஒரு குழந்தை வந்துடும். வேலைக்குப் போற பொண்ணு, யாரு பாத்துக்கறது? மாப்பிள்ளை வீட்டுலயும் சொல்லியாச்சு, எங்க சித்தி கூடவே வந்து இருப்பாங்கன்னு. குழந்தை பள்ளிக்கூடம் போற வரைக்கும் உனக்கு ஒரு கவலையும் இல்ல. மூணு வேளைச் சாப்பாடு, தனி ரூம்."

குட்டி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு வயது வரை ஆகிறது. பிறக்காத குழந்தைக்குக்கூட அவளைப் பேசி முடித்துவிட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டுக்கே தெரிந்திருக்கிறது. அவளிடம் சொல்ல மட்டும் மறந்துவிட்டார்கள், ஏணியிடம் யாரும் கேட்டுக்கொண்டா நகர்த்துகிறார்கள்?

அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்று ஒரு தெளிவு வந்தது. மேடையிலிருந்து இறங்கிப் புல்லில் கால் வைத்தாள்.

குளிர்ந்து, மெத்தென்று இருந்தது. ஒன்பது நாள் தண்ணீர் ஊற்றிய புல்லின் சுகத்தை அவள் கால் அப்போதுதான் முதன்முதலாகக் கண்டது. பாதம் பதிந்த இடமெல்லாம் பள்ளம் விழுந்து நீர் கசிந்தது.

நேராகப் பின்சுவருக்குப் போனாள். அண்ணாந்து பார்த்தாள். ஏறுவதற்கு டிரம் இருக்கிறது. கண்ணாடியை என்ன செய்வது? துணி போட்டால் கிழித்துக்கொண்டு வரும். சுற்றிப் பார்த்தவள், குனிந்தாள். சுவரோரத்துப் பாயின் ஓரத்தில் விரலை விட்டு இழுத்தாள். இரண்டங்குல மண்ணும் புல்லுமாகத் தடித்த கம்பளம் போலப் பெயர்ந்து வந்தது. அடியில் நரை மயிர் மாதிரி வெள்ளை வேர் விட ஆரம்பித்திருந்தது. சரசரவென்று அது அறுபட்ட சத்தம் அவளை ஒரு கணம் நிறுத்தியது. 'மன்னிச்சுக்கோ' என்று புல்லிடம்தான் சொன்னாள்.

டிரம்மைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டி, புல்லின் குறுக்கே தடதடவென்று இழுத்தாள்.

"என்ன சத்தம்? குட்டி, எதை இழுக்கறே?"

"டிரம்மை."

"எதுக்கு? எங்க இழுக்கறே? புல்லு மேலயா?"

டிரம்மைச் சுவரோரம் கவிழ்த்துப் போட்டாள். பக்கத்தில் ஒரு பூந்தொட்டியைப் படியாக வைத்தாள். பெயர்த்த பாயை இரண்டாக மடித்து, மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு ஏறினாள். ஈர மண் பிள்ளைக் கனம் கனத்தது. ஆனால் அப்பாவை ஒன்பது வருஷம் தூக்கிய தோள்கள் அவை. சுவர்த் தலையில் அதைத் தொப்பென்று போட்டபோது கண்ணாடித் துண்டுகள் மண்ணுக்குள் நறநறவென்று இறங்கின. இறங்கி இன்னொரு பாய். பிறகு இன்னொன்று. மூன்றாவதைப் போட்டு அழுத்திப் பார்த்தாள். குத்தவில்லை. சுவருக்குப் பச்சையாகச் சேணம் பூட்டிய மாதிரி இருந்தது.

"குட்டி! அந்தத் துணியை எடு! என்ன பண்றே அங்க? சொல்லித் தொலையேன்!"

குழாயை மூடாமல் வந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. திரும்பி நடந்து போய் மூடினாள். துண்டின் அடியில் நின்று சொன்னாள். "அக்கா, நான் நெட்டைகிட்ட நேர்ல சொல்லப் போறேன். வரேன்னு சொல்லப் போறேன். கல்யாணத்துக்குக் கட்டாயம் வருவேன். ஒரு மணித் தண்ணி விடல. நாலு மணிக்கும் ஆள் இல்ல. டிரைவர் வந்து விடட்டும்."

"நீ எப்படிடி போவே? சுவத்துல கண்ணாடி இருக்குடி! கையக் கால உடைச்சுக்காதே, பைத்தியமே..."

கடைசி வார்த்தைகளில் அக்காவின் குரல் உடைந்தது. அது புல்லுக்காக இல்லை, குட்டிக்காகத்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே போய் டிரம்மில் ஏறினாள்.

முதல் தடவை தாவியபோது உடம்பு ஏறவில்லை. இரண்டாம் தடவை முழங்கையை ஊன்றி, வயிற்றைச் சுவரில் போட்டு, சேற்று எருமை மாதிரி மேலே புரண்டாள். புல் பாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு துண்டு இடது உள்ளங்கையைக் கீறியது. அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். சந்தில் ஒரு சைக்கிள் ரிப்பேர்க்காரர் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து, அப்போதுதான் கடைப் பலகையைத் திறந்துகொண்டிருந்தார். தலை நிமிர்ந்தவர் பலகையைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

"ஏம்மா, சுவர் ஏறி உள்ள போறவனைப் பாத்திருக்கேன். உள்ள இருந்து வெளிய வர்றவங்களை இப்பத்தான் பாக்கறேன்."

"அண்ணே, கொஞ்சம் ஏதாவது கீழ போடுங்கண்ணே."

அவர் பழைய டயர்களை அள்ளி வந்து அடுக்கினார். அதன்மேல் தன் பெஞ்சை வைத்துப் பிடித்துக்கொண்டார். குட்டி காலைத் துழாவித் துழாவி இறங்கினாள். உடம்பெல்லாம் சேறு. கையில் ரத்தம். அவர் கிழிந்த துணியைத் தண்ணீரில் நனைத்துக் கட்டிவிட்டு, எதுவும் கேட்காமல் போனை நீட்டினார். நெட்டையின் நம்பர் இருபது வருஷமாக மாறவில்லை, அதனால் மனப்பாடம்.

"யாரு?" என்றாள் நெட்டை.

"நான்தான்."

"உங்கக்கா சொல்லிட்டாங்களே எல்லாத்தையும். இன்னும் என்ன?"

"அது அக்கா சொன்னது. நான் வரேன்."

நெட்டை ஒரு மூச்சு விட்டது கேட்டது. "எங்க இருக்கே?"

"சந்துல. போட்ட துணியோட. பை, சர்டிபிகேட் எல்லாம் உள்ள இருக்கு. கையில செருப்புகூட இல்ல."

"செருப்பைக் கால்லதான் போடுவாங்க. அங்கயே நில்லு, வேனைத் திருப்பறேன்."

வேன் வந்தபோது ஒன்றே முக்கால். மெஷின் பெட்டிக்கும் கதவுக்கும் நடுவில் இருந்த இடத்தில் குட்டி நுழைந்து உட்கார்ந்தாள். வேன் நகரத்தைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டது. நெட்டை வாங்கிக் கொடுத்த பன்னை இரண்டு கையாலும் பிடித்துத் தின்றாள். திடீரென்று நிமிர்ந்து, "மணி நாலா?" என்றாள்.

"நாலு அஞ்சு. ஏன்?"

"ஒண்ணுமில்ல" என்றாள். கட்டைவிரல் தானாக மடங்கி, இல்லாத டியூபின் வாயை அமுக்கிக்கொண்டிருந்தது. அந்த விரல் அப்படி மடங்குவது நிற்க இரண்டு வாரம் பிடித்தது.

பையையும் சர்டிபிகேட்டையும் டிரைவர் பார்சலில் அனுப்பி வைத்தார். அக்கா பேசவில்லை. அண்ணன் ஒருமுறை கூப்பிட்டு, "உனக்கு இவ்வளவு அழுத்தம் ஆகாது" என்றான். அண்ணியின் முட்டியைப் பற்றிக் கேட்டுவிட்டு, அவள் போனை வைத்துவிட்டாள். கடை திறந்த முதல் வாரம் இருபத்திரண்டு கண்ணாடிக்கு லென்ஸ் அறுத்தாள். முதல் மூன்று லென்ஸ் உடைந்தன. நாலாவதிலிருந்து கை பழைய வழியைக் கண்டுபிடித்துக்கொண்டது.

வரவேற்பு அன்று ஒரு நாள் லீவு போட்டுக்கொண்டு போனாள். புல் பிழைத்திருந்தது, டிரைவர் நன்றாகத்தான் தண்ணீர் விட்டிருந்தார். பின்சுவரோரம் மட்டும் ஒரு கட்டில் அகலத்துக்குச் செம்மண் தெரிந்தது. வண்ண விளக்கும் நாற்காலிகளும் கூட்டமுமாகத் தோட்டம் நிறைந்திருந்தது. மணப்பெண் ஓடி வந்து சித்தியைக் கட்டிக்கொண்டாள். அக்கா தூரத்திலிருந்தே பார்த்தாள். பிறகு புதுப் பட்டில் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றாள். ஒன்றரை மாதத்துக்குப் பின் அவள் பேசிய முதல் பேச்சு அது.

"கை ஆறிடுச்சா?"

"ஆறிடுச்சுக்கா."

அக்கா உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். தழும்பைக் கட்டைவிரலால் தடவினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "சரி, போட்டோக்காரன் அந்தப் பக்கம்தான் எடுக்கறான். நீ அந்தச் செம்மண்ணுக்கு முன்னாடி கொஞ்சம் நில்லு. நகராதே" என்றாள்.

குட்டி போய் நின்றாள். வந்தவர்களெல்லாம் நலம் விசாரித்தார்கள். ஒரு பெரியம்மா, "இங்கதான் இருக்கியா இன்னும்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பத்து நிமிஷம் நின்றிருப்பாள், கால் கடுத்தது. சிமெண்ட் மேடையோரம் இருந்த பூந்தொட்டிகளில் பெரிய இரண்டை நகர்த்திக்கொண்டு வந்து அந்த இடத்தில் வைத்தாள். எட்டி நின்று பார்த்து, ஒன்றை மட்டும் கொஞ்சம் இடது பக்கம் தள்ளினாள். பிறகு சாப்பிடப் போனாள். ஐந்து மணிக்குப் பஸ்.